தவணைக்கு முன்பே தீர்ந்துபோகும் வழக்குகள்: மலையகமும் குற்றவியல் நீதியும்

குற்றவியல் நீதியைச் சீர்திருத்துவது பற்றி இலங்கையில் இப்போது நிறையவே பேசப்படுகிறது. அரசாங்கத்துக்குச் சட்ட ஆலோசனை சொல்லும் சட்டமா அதிபரே வழக்கும் தொடுப்பது சரியா, அந்த அதிகாரத்தைப் பிரித்துச் சுயாதீன வழக்குத்தொடுநர் அலுவலகம் ஒன்றிடம் கொடுக்கலாமா என்பது ஒரு விவாதம். தற்காலிக ஏற்பாடு என்று 1979இல் கொண்டுவரப்பட்டு, பல தசாப்தங்கள் நிலைத்துவிட்ட பயங்கரவாதத் தடைச் சட்டம் இன்னொன்று. 1976க்குப் பிறகு யாரையும் தூக்கிலிடாத நாட்டில் நீதிமன்றங்கள் இன்றும் மரண தண்டனை விதித்துக்கொண்டிருப்பது மூன்றாவது. எல்லாமே தீர்க்கப்பட வேண்டிய விஷயங்கள்தான். ஆனால் ஹட்டனிலோ பண்டாரவளையிலோ நீதிமன்ற வளவில் காலையிலேயே வந்து காத்து நிற்கும் தோட்டத்துச் சனங்களின் வழக்குகளை எடுத்துப் பார்த்தால், இந்த விவாதங்கள் எதுவும் அவர்களைத் தொடுவதாகத் தெரியவில்லை.

அவர்களுடைய வழக்குகள் சின்னவை. கசிப்பு எனும் கள்ளச் சாராயம், கொஞ்சம் கஞ்சா, குடும்பச் சண்டை, பக்கத்து லயத்தாரோடு (தோட்ட வரிசை வீட்டுக்காரரோடு) அடிதடி, வன ஒதுக்கில் விறகு வெட்டியது, பொகவந்தலாவைப் பக்கம் என்றால் ஆற்றோரத்தில் அனுமதி இல்லாமல் மாணிக்கக்கல் தோண்டியது. இவற்றில் பெரும்பாலானவை நீதவான் நீதிமன்றத்தைத் தாண்டிப் போவதில்லை. பெரும்பாலானவற்றை நடத்துபவர்களும் பொலிஸார்தான். சட்டமா அதிபர் யார், எப்படி நியமிக்கப்பட்டார் என்பதெல்லாம் அங்கே வெகு தூரத்துச் செய்தி.

மலையகத்தில் நீதி தவறும் இடம் தீர்ப்புக்கு வெகு முன்னால் இருக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம். பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு எழுதப்படும் மேசையிலும், நீதிமன்றப் பதிவேட்டின் மொழியிலும், பிணைக்கு ஆள் கையெழுத்து வைக்கும் அந்த ஒரு பிற்பகலிலும் பல வழக்குகளின் தலைவிதி தீர்ந்துவிடுகிறது. சீர்திருத்தம் பேசுகிறவர்கள் இந்த மூன்று இடங்களையும் கிட்ட நின்று பார்க்க வேண்டும்.

முறைப்பாட்டு மேசை

ஒரு தாய் மேல் டிவிஷனில் இருந்து கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு, அப்படியே இறங்கிப் பொலிஸ் நிலையத்துக்கு வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். மகளைப் பக்கத்து லயத்துப் பையன் வழியில் மறித்துத் தொந்தரவு செய்கிறான். முந்தின வாரம் ஒருமுறை, நேற்று ஒருமுறை. நேற்று கையில் கத்தி இருந்தது. அவளுக்குத் தமிழ் மட்டுமே தெரியும். எழுத வேண்டிய உத்தியோகத்தருக்குத் தமிழ் சரளமாக வராது. கூட வந்த ஆட்டோக்காரரோ, தோட்டத் தலைவரோ, சில நேரம் வேறு வேலையாக வந்து நிற்கிற யாரோ ஒருவரோ இடையில் நின்று சொல்கிறார். பத்து நிமிடம் அவள் சொன்னது ஆறு வரியில் சிங்களத்தில் எழுதப்படுகிறது. முந்தின வாரத்துச் சம்பவம் அதில் இல்லை. கத்தி இருக்கிறது, ஆனால் யார் கண்டது, எப்போது கண்டது என்பது கலங்கிப்போயிருக்கிறது. கீழே அவள் தமிழில் கையெழுத்துப் போடுகிறாள், அல்லது விரலடையாளம் வைக்கிறாள்.

1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை இப்படி நடக்கக் கூடாது என்றுதான் சொல்கிறது. அதன் 109ஆம் பிரிவின்படி வாய்மொழியாகத் தரப்படும் தகவல், தரப்பட்ட மொழியிலேயே எழுதப்பட்டு, தந்தவருக்கு வாசித்துக் காட்டப்பட வேண்டும். அந்த மொழியில் எழுத முடியாவிட்டால், அவரையே எழுதித் தரும்படி முதலில் கேட்க வேண்டும். அவருக்கு எழுத வராது என்றால் மட்டும், காரணத்தைப் பதிந்துவிட்டுத் தேசிய மொழிகளில் ஒன்றில் எழுதி, அவருக்கு விளங்கும் மொழியில் விளக்கிச் சொல்ல வேண்டும். நல்ல ஏற்பாடு. ஆனால் விதிவிலக்காக வைத்த கடைசிப் படி மலையகத்தின் பல பொலிஸ் நிலையங்களில் முதல் படியாகிவிட்டது. "நீங்களே தமிழில் எழுதித் தாருங்கள்" என்று ஒரு தாளை நீட்டினால், பத்தாம் வகுப்புப் படித்த அந்த மகளே அழகாக எழுதிக் கொடுத்துவிடுவாள். அப்படிக் கேட்கும் உரிமை தனக்கு இருப்பது அந்தத் தாய்க்குத் தெரியாது.

இதன் விலை அன்றைக்குத் தெரியாது. நாலைந்து வருடம் கழித்துத்தான் தெரியும். விசாரணையின்போது பொலிஸுக்குக் கொடுத்த வாக்குமூலத்தை வைத்துச் சாட்சியின் முரண்பாடுகளைச் சுட்டிக்காட்ட எதிர்த்தரப்புச் சட்டத்தரணிக்கு உரிமை உண்டு. 110ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. "முந்தின வாரமும் வந்தான் என்று இன்றைக்குச் சொல்கிறீர்கள். பொலிஸில் அப்படிச் சொல்லவில்லையே?" சொன்னாள். எழுதப்படவில்லை. எழுதப்பட்டதை வாசிக்க அவளால் முடியவில்லை. ஆனாலும் அது முரண்பாடு என்றே குறிக்கப்படுகிறது, அவள் பொய் சொல்கிறாள் என்ற ஐயம் அங்கேயே விழுந்துவிடுகிறது. பாதிக்கப்பட்டவருக்கும் குற்றம் சாட்டப்பட்டவருக்கும் இது ஒரே மாதிரித்தான் வெட்டுகிறது: தான் சொல்லாததைச் சொன்னதாக எழுதிய ஒரு தாளோடு ஒரு இளைஞன் வருடக்கணக்கில் போராட வேண்டியிருக்கும்.

நியாயமாகச் சொல்வதென்றால், தமிழ் நன்றாகப் பேசும் உத்தியோகத்தர்கள் மலையகத்தில் இல்லாமல் இல்லை; சில நிலையங்களில் பெண்கள், சிறுவர் பிரிவில் தமிழ்ப் பெண் பொலிஸார் இருக்கிறார்கள், அவர்கள் பணியில் இருக்கும் நாளில் நிலைமையே வேறு. அரச சேவையில் புதிதாகச் சேருவோர் ஐந்து வருடத்துக்குள் இரண்டாவது அரச கரும மொழியில் தேர்ச்சி பெற வேண்டும் என்று 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கப் பொது நிர்வாகச் சுற்றறிக்கை சொன்னது. ஆனால் தேர்ச்சிப் பரீட்சையில் சித்தியடைவதற்கும், அழுதுகொண்டு பேசும் ஒரு தாயின் வாக்குமூலத்தைத் தமிழில் எழுதுவதற்கும் இடையில் வெகு தூரம்.

நீதிமன்றத்தின் மொழி

1956இல் சிங்களம் மட்டும் அரச கரும மொழியானது. 1961ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம் அதை நீதிமன்றங்களுக்குள்ளும் கொண்டுபோனது. 1978 அரசியலமைப்பு தமிழுக்குத் தேசிய மொழி என்ற இடத்தைக் கொடுத்தது. 1987இல் வந்த 13ஆவது திருத்தம் தமிழும் அரச கரும மொழி என்றது. 1988இல் 16ஆவது திருத்தம், சிங்களமும் தமிழும் இலங்கை முழுவதிலும் நீதிமன்ற மொழிகள் என்று 24ஆம் உறுப்புரையில் எழுதியது. இவ்வளவையும் வாசித்தால் பிரச்சினை முடிந்த மாதிரித்தான் தோன்றும்.

ஆனால் அதே உறுப்புரையின் அடுத்த வரிதான் மலையகத்தின் கதை. தமிழ் நிர்வாக மொழியாக உள்ள பகுதிகள், அதாவது வடக்கும் கிழக்கும், தவிர்ந்த எல்லா இடங்களிலும் நீதிமன்றத்தில் பயன்படும் மொழி சிங்களம். பதிவேடும் நடவடிக்கைகளும் அந்த மொழியில்தான். 2012 குடிசனக் கணக்கெடுப்பில் நுவரெலியா மாவட்ட மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் தமிழர். அப்படியிருந்தும் அது மத்திய மாகாணத்தில் இருப்பதால், அங்குள்ள நீதிமன்றங்களின் பதிவேடு சிங்களத்தில் எழுதப்படுகிறது. 1999இல் நுவரெலியா, பதுளை மாவட்டங்களின் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாகப் பிரகடனம் செய்யப்பட்டன. அதனால் பிரதேச செயலகத்தில் தமிழில் கடிதம் எழுதிப் பதில் பெறலாம் என்றாவது ஆயிற்று. நீதிமன்றப் பதிவேட்டை அது மாற்றவில்லை.

சட்டம் மாற்றுவழி தராமல் இல்லை. 24ஆம் உறுப்புரையின்படி வழக்கின் தரப்பினர் எவரும் தமிழிலேயே மனுப் போடலாம், தமிழிலேயே வாதாடலாம். நீதிமன்றத்தின் மொழி விளங்காதவருக்கு உரைபெயர்ப்பையும் மொழிபெயர்ப்பையும் அரசு தர வேண்டும். 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சிவில் மற்றும் அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேசச் சமவாயச் சட்டமும் குற்றம் சாட்டப்பட்டவருக்கு உரைபெயர்ப்பாளரின் உதவியை உறுதி செய்கிறது. ஆனால் நடைமுறையில் உரைபெயர்ப்பு என்பது பெரும்பாலும் சாட்சி கூண்டில் ஏறிப் பேசும் நேரத்துக்கு மட்டும்தான். பொலிஸார் பிணைக்கு ஆட்சேபம் சொல்வது, சட்டத்தரணி பதில் சொல்வது, நீதவான் காரணம் காட்டி உத்தரவிடுவது எல்லாம் சிங்களத்தில் நடந்து முடிந்துவிடும். கூண்டில் நிற்பவனுக்கு விளங்குவது இரண்டு: தன் பெயர், அடுத்த தவணைத் திகதி. வெளியே வந்து சட்டத்தரணியின் உதவியாளரிடம் "என்னங்க சொன்னாங்க?" என்று கேட்டுத்தான் தன் வழக்கில் நடந்ததைத் தெரிந்துகொள்கிறான்.

இந்த நிலையில் ஒருவன் எடுக்கும் முடிவுகள் எப்படி இருக்கும்? "ஒத்துக்கிட்டா தண்டத்தைக் கட்டிட்டு இன்னைக்கே போயிறலாம், இல்லைன்னா தவணை தவணையா வரணும்" என்பதுதான் வளவில் கிடைக்கும் ஆலோசனை. ஒவ்வொரு தவணையும் ஒரு நாள் பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போகும். 2024இல் சம்பள நிர்ணய சபை நிர்ணயித்த நாட்சம்பளம் 1,350 ரூபாய். அதோடு மஸ்கெலியாவிலோ பொகவந்தலாவையிலோ இருந்து ஹட்டனுக்குப் பஸ் காசு, சட்டத்தரணிக்குக் கட்டணம். செய்யாத குற்றத்தை ஒத்துக்கொள்வதே மலிவு என்ற கணக்கு இங்கேதான் பிறக்கிறது. பிறகு வெளிநாட்டு வேலைக்குப் பொலிஸ் நற்சான்றிதழ் கேட்கும்போது அந்த ஒப்புதல் திரும்பி வந்து நிற்கும். அந்த விளைவை அன்றைக்கு அவனுக்கு அவன் மொழியில் யாரும் விளக்கியிருக்க மாட்டார்கள்.

சட்டத்தரணி இல்லாதவர்களுக்கு 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. மலையகத்திலும் அதன் சேவை உண்டு. மேல் நீதிமன்றத்தில் சட்டத்தரணி இல்லாதவருக்கு நீதிமன்றமே ஒருவரை நியமிக்கவும் வழி உண்டு. ஆனால் தோட்டத்து வழக்குகள் குவியும் நீதவான் நீதிமன்றத்தில், கைதாகி வந்த முதல் நாளிலேயே பக்கத்தில் ஒரு சட்டத்தரணி நிற்பதை அரசு உறுதி செய்வதில்லை. பொலிஸ் நிலையத்தில் சந்தேகநபர் சார்பாகச் சட்டத்தரணி தோன்றலாம் என்று 2012இல் விதிகள் வந்தன; காசு கொடுத்துச் சட்டத்தரணியை இரவில் கூப்பிடக்கூடியவனுக்குத்தான் அது உதவுகிறது.

பிணை எனும் பிற்பகல்

1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கப் பிணைச் சட்டத்தின் அடிப்படை தெளிவானது: பிணை கொடுப்பதே விதி, மறுப்பதே விலக்கு. ஆளின் சொந்த உறுதிமொழி, சொந்தப் பிணைமுறி, பிணையாளர், காசு வைப்பு என்று பல வழிகள் அதில் இருக்கின்றன. ஆனால் வழக்கமாக வரும் உத்தரவு இரண்டு ஆள் சரீரப் பிணை, அதாவது இரண்டு பேர் நேரில் வந்து அவருக்காகக் கையெழுத்து வைத்துப் பொறுப்பேற்பது; பல நேரம் அதோடு காசுப் பிணையும்.

சரீரப் பிணைக்கு வருபவர் அடையாள அட்டை காட்ட வேண்டும். கிராம உத்தியோகத்தரிடம் வதிவிடச் சான்று வாங்கி வர வேண்டும். வருமானம் காட்டச் சொல்வதும் உண்டு. கொழும்பில் சொந்த வீட்டுக்காரர் ஒருவருக்கு இது அரை நாள் வேலை. தோட்டத்தில் அப்படியில்லை. பெரும்பாலான குடும்பங்களுக்குக் காணி உறுதி கிடையாது. லயக் காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம். ஒரே தோட்டப் பெயரில் நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்கு ஒரே முகவரி. கிராம உத்தியோகத்தரின் பிரிவு பெரியது, அவர் அலுவலகத்தில் இருக்கும் நாட்கள் குறைவு. 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டு, 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை அதன் எச்சங்களோடு வாழ்ந்த சமூகம் இது. பிறப்புப் பதிவில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர் என்று இருப்பது வயதானவர்களிடம் சாதாரணம். அந்த எழுத்துப் பிழை பிணை வாங்கும் மேசையில் பெரிய மலையாகிவிடும்.

அந்தப் பிற்பகலைக் கொஞ்சம் கிட்டப் பாருங்கள். பதினொரு மணிக்குப் பிணை உத்தரவு கிடைக்கிறது. தம்பிக்குக் கையெழுத்து வைக்க அண்ணன் வந்திருக்கிறான், இரண்டாவது ஆளாகச் சித்தப்பா. சித்தப்பாவிடம் வதிவிடச் சான்று இல்லை. அவர் பஸ் ஏறித் திரும்பிப் போகிறார். கிராம உத்தியோகத்தர் பிரதேச செயலகத்தில் கூட்டத்துக்குப் போயிருக்கிறார். அவரைத் தேடிப் பிடித்து, முத்திரை வைத்து வாங்கி, மறுபடி பஸ் ஏறி வரும்போது நீதிமன்ற அலுவலகம் மூடியிருக்கிறது. பிணை கிடைத்தவன் விளக்கமறியல் கைதிகளோடு சிறைச்சாலை பஸ்ஸில் ஏறிவிட்டான். அது வெள்ளிக்கிழமை என்றால் திங்கள்வரை உள்ளே. நீதவான் விடச் சொன்ன ஒருவன், ஒரு தாள் இல்லாததால் மூன்று இரவு சிறையில் கழிக்கிறான்.

உள்ளே என்ன இருக்கிறது என்பதும் தெரிந்ததுதான். இலங்கைச் சிறைகள் பல வருடங்களாகவே கொள்ளளவின் இரு மடங்குக்கும் மேல் நிரம்பியிருக்கின்றன. உள்ளே இருப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் தண்டனை பெறாத விளக்கமறியல் கைதிகள். 2023 டிசம்பரில் தொடங்கிய யுக்திய போதைப்பொருள் ஒழிப்பு நடவடிக்கை பல்லாயிரக்கணக்கானவர்களைச் சில வாரங்களில் கைது செய்தபோது இந்த நெருக்கடி இன்னும் இறுகியது. ஐக்கிய நாடுகளின் நிபுணர்கள் 2024 ஜனவரியில் அதை நிறுத்தி மீளாய்வு செய்யும்படி கேட்டார்கள். வருடத்தில் தண்டனை பெற்றுச் சிறைக்குப் போகிறவர்களிலும் பெரும்பகுதியினர் தண்டப்பணம் கட்ட முடியாமல் போகிறவர்கள். 1999ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டம் சிறைக்குப் பதிலாகச் சமுதாயப் பணியில் ஈடுபடுத்தும் சீர்திருத்த முறையைக் கொண்டுவந்தது. அந்தச் சட்டம் வேலை செய்ய வேண்டிய இடம் தோட்டத்துக் கசிப்பு வழக்குகள்தான். ஒரு பள்ளிக்கூட மதிலைக் கட்டிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வரவேண்டிய ஒருவரைச் சிறைக்கு அனுப்பி, அவர் இல்லாத மாதங்களில் அந்த வீட்டின் அடுப்பையும் அணைப்பது யாருக்கு என்ன நன்மை செய்கிறது?

தோட்டமும் குற்றவியல் நீதிமன்றமும்

தோட்டத் தொழிலாளிக்கும் குற்றவியல் சட்டத்துக்கும் உள்ள உறவு பழையது. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொழிற் கட்டளைச் சட்டத்தின் கீழ், அறிவித்தல் கொடுக்காமல் தோட்டத்தை விட்டுப் போவதே குற்றம், அதற்குச் சிறை. வேறு தோட்டத்தில் வேலைக்குச் சேரத் தோட்டத் துரையிடம் துண்டு, அதாவது விடுவிப்புச் சீட்டு, வாங்கிப் போக வேண்டும் என்ற முறை 1921இல்தான் ஒழிந்தது. சம்பளத் தகராறாக இருக்க வேண்டியது குற்றவியல் வழக்காகவே பல தலைமுறை நடந்தது. 1940 ஜனவரியில் மூலோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தத்தின்போது பொலிஸ் சூட்டில் கோவிந்தன் இறந்ததும், 1977 மே மாதத்தில் தோட்டக் காணிகள் பறிபோவதை எதிர்த்து நின்ற சிவனு லெட்சுமணன் டெவன் தோட்டத்தில் சுடப்பட்டு இறந்ததும் மலையகம் மறக்காத நிகழ்வுகள்.

அந்தப் பழைய உறவு வேறு வடிவத்தில் இன்றும் தொடர்கிறது. தோட்டக் காணி அரசுக்குச் சொந்தம். கம்பனிகளிடம் குத்தகைக்கு இருக்கிறது. அதனால் 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க அரச காணி (உடைமையை மீளப்பெறல்) சட்டத்தைத் தோட்டக் குடியிருப்பாளர்கள் மீது பிரயோகிக்க நிர்வாகங்களால் முடிகிறது. லயத்தின் ஓரத்தில் ஒரு காம்பரா இழுத்துக் கட்டியவர், ஓய்வுபெற்ற பிறகும் அதே வீட்டில் இருப்பவர், பரம்பரையாகச் செய்த மரக்கறித் தோட்டத்தை விடாதவர் ஆகியோருக்கு வெளியேறும் அறிவித்தல் வருகிறது. பிறகு வழக்கு நீதவான் முன்னால் போகிறது. அங்கே நீதவான் பார்க்கக்கூடியது மிகக் குறுகியது: அந்தக் காணியில் இருப்பதற்கு அரசு தந்த செல்லுபடியாகும் எழுத்துமூல அனுமதி இருக்கிறதா, இல்லையா. நான்கு தலைமுறையாக இங்கே இருக்கிறோம் என்ற பதிலுக்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை. எழுத்துமூல அனுமதி எதையும் இந்தச் சமூகத்தில் பெரும்பாலானோருக்கு யாரும் கொடுத்ததே இல்லை என்பதையும் அது கணக்கில் எடுப்பதில்லை. நீதவானைக் குறை சொல்லிப் பயனில்லை, சட்டம் அவர் கையைக் கட்டிவைத்திருக்கிறது. சீர்திருத்தப் பட்டியல் எதிலும் இந்தச் சட்டம் வராதது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது.

நம்பிக்கை உடைந்த இடங்கள்

2023 மே மாதம், கொழும்பில் ஒரு வீட்டில் பணிப்பெண்ணாக இருந்த பதுளையைச் சேர்ந்த தாய் ஒருவர், நகை திருடியதாக வீட்டுக்காரர் கொடுத்த முறைப்பாட்டில் வெலிக்கடைப் பொலிஸாரால் பிடிக்கப்பட்டு, தடுப்பில் இருந்தபோதே இறந்தார். 2021 ஜூலையில் டயகமவைச் சேர்ந்த 16 வயதுச் சிறுமி, கொழும்பில் வேலை செய்த வீட்டில் எரிகாயங்களுக்கு உள்ளாகி ஆஸ்பத்திரியில் இறந்தார். புதைத்த உடல் மீண்டும் தோண்டியெடுக்கப்பட்டு இரண்டாவது பிரேத பரிசோதனைக்குப் போனது. இரண்டு சம்பவங்களுக்கும் பிறகு மலையக நகரங்களில் சனங்கள் தெருவில் இறங்கினார்கள். அவர்கள் கேட்டது பழிவாங்கலை அல்ல. ஏழைப் பெண்ணொருத்தி மீது முறைப்பாடு வந்தால் பொலிஸ் இவ்வளவு வேகமாக வேலை செய்கிறதே, அவளே முறைப்பாட்டுக்காரியாக வரும்போது அந்த வேகம் எங்கே போகிறது என்றுதான் கேட்டார்கள்.

சித்திரவதைக்கு எதிராக 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, குறைந்தது ஏழு வருடச் சிறை. அதன் கீழ் தண்டனை பெற்றவர்கள் மிகச் சிலர். அடிப்படை உரிமை மீறல் மனுவை ஒரு மாதத்துக்குள் கொழும்பில் உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். தடுப்பில் அடிபட்டு, ஆஸ்பத்திரியில் கிடந்து, எழுந்து வரும் ஒரு தோட்டத் தொழிலாளிக்கு அந்த ஒரு மாதம் போதாது. அதே ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் கண்டி, பதுளை அலுவலகங்களில் ஒன்றில் முறைப்பாடு செய்துவிட்டால், அந்த விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது என்று 1996ஆம் ஆண்டின் ஆணைக்குழுச் சட்டம் சொல்கிறது. இந்த ஒரு தகவலைத் தோட்டத்தில் எத்தனை தலைவர்கள் அறிந்திருக்கிறார்கள்? தொழிற்சங்கங்கள் சந்தாக் கூட்டத்தில் சொல்ல வேண்டிய செய்தி இது.

பிந்துனுவெவையையும் இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. 2000ஆம் ஆண்டு ஒக்டோபர் 25ஆம் திகதி, பண்டாரவளைக்கு அருகே இருந்த புனர்வாழ்வு முகாமுக்குள் ஒரு கும்பல் புகுந்து, அரசின் பொறுப்பில் இருந்த தமிழ் இளைஞர்கள் இருபத்தைந்துக்கும் மேற்பட்டோரைக் கொன்றது; பொலிஸார் அங்கேதான் இருந்தார்கள். 41 பேர் மீது குற்றப்பத்திரிகை தாக்கலானது, 2003இல் ஐவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது, 2005 மே மாதத்துக்குள் அந்த ஐவருமே உயர் நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டிருந்தார்கள். சாட்சியம் போதாமல் ஒருவரைத் தண்டிக்கக் கூடாது என்பதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் பட்டப்பகலில், பொலிஸாரின் கண் முன்னால் நடந்த கொலைகளுக்குப் போதிய சாட்சியம் திரட்டப்படாமல் போனது எப்படி என்ற கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. சுயாதீன வழக்குத்தொடுநர் அலுவலகம் பற்றிய விவாதம் மலையகத்தை நேராகத் தொடும் இடம் இதுவே. பொலிஸார் மீதே குற்றம் சாட்டப்படும் வழக்குகளில் விசாரணையும் வழக்குத்தொடுப்பும் அவர்களுக்கு வெளியே இருக்க வேண்டும்.

சட்டத்தில் ஏற்கனவே இருக்கும் ஒரு வரி

பெரிய சீர்திருத்தங்களுக்குக் காலம் எடுக்கும். பாரதூரமான குற்றமொன்றின் வழக்கு, சம்பவம் நடந்ததில் இருந்து மேன்முறையீடு முடியும்வரை சராசரியாக 17 வருடம் இழுபடுகிறது என்று 2017இல் பாராளுமன்றத் துறைசார் மேற்பார்வைக் குழுவே அறிக்கை கொடுத்தது. அந்தத் தாமதத்தை ஒரே நாளில் சரிசெய்ய முடியாது. ஆனால் மலையகத்துக்கு வேண்டியவற்றில் பலவற்றுக்குப் புதிய சட்டமே தேவையில்லை.

24ஆம் உறுப்புரையின் முதல் பந்தியிலேயே ஒரு காப்புவாசகம் இருக்கிறது: நீதி அமைச்சர், அமைச்சரவையின் இசைவோடு, எந்த ஒரு நீதிமன்றத்தின் பதிவேடும் அந்த நீதிமன்றத்தின் மொழியல்லாத இன்னொரு மொழியிலும் பேணப்பட்டு, நடவடிக்கைகளும் அம்மொழியில் நடத்தப்பட வேண்டும் என்று பணிக்கலாம். மூன்றில் இரண்டு பெரும்பான்மை வேண்டாம், சர்வஜன வாக்கெடுப்பும் வேண்டாம். ஹட்டன், நுவரெலியா நீதிமன்றங்களில் தமிழிலும் பதிவேடு பேணப்படும் என்று ஒரு பணிப்பு வந்தால் போதும். தமிழ்ச் சுருக்கெழுத்தாளர்கள் எங்கே, தமிழ் தெரிந்த நீதவான்கள் எங்கே என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் வடக்கிலும் கிழக்கிலும் நீதிமன்றங்கள் தமிழிலேயே நடக்கின்றன, அங்கே அந்த ஆட்கள் இருக்கிறார்கள். மலையகத்தில் இருந்து பல்கலைக்கழகம் போய்ப் பட்டம் பெற்றுவிட்டு வேலைக்காகக் காத்திருக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். உரைபெயர்ப்பாளர், சுருக்கெழுத்தாளர் பதவிகளுக்கு அவர்களைப் பயிற்றுவித்து எடுக்க இரண்டு மூன்று வருடம் போதும்.

பொலிஸ் நிலையத்திலும் இப்படித்தான். 109ஆம் பிரிவை அப்படியே நடைமுறைப்படுத்தும்படி பொலிஸ் மா அதிபர் ஒரு சுற்றறிக்கை அனுப்பலாம்: தமிழில் சொல்பவரிடம் முதலில் தாளும் பேனாவும் கொடுக்கப்பட வேண்டும், தமிழில் எழுத உத்தியோகத்தர் இல்லாவிட்டால் காரணம் எழுதப்பட வேண்டும், இடையில் நின்று மொழிபெயர்த்தவர் யார் என்று பெயரோடு பதியப்பட வேண்டும். பிணை விஷயத்தில், சின்னக் குற்றங்களுக்குச் சொந்தப் பிணைமுறியில் விடும் வழியை நீதவான்கள் கூடுதலாகக் கையாள்வதற்கு நீதிச்சேவை ஆணைக்குழுவின் வழிகாட்டல் உதவும். தோட்டப் பதிவேட்டையும் சம்பளச் சீட்டையும் வதிவிடத்துக்கான ஆதாரமாக ஏற்றுக்கொள்வதும் அப்படியே. அரச காணிச் சட்டம் மட்டும் திருத்தப்பட்டே ஆக வேண்டும். தோட்டக் குடியிருப்பாளரை அதன் பிடியில் இருந்து விலக்கி, அவர்களுடைய குடியிருப்பு உரிமையைச் சிவில் நீதிமன்றம் முழுமையாக விசாரிக்க வழி வைக்க வேண்டும்.

வரவு செலவுத் திட்டத்தில் நீதி அமைச்சின் செலவினத் தலைப்பு விவாதத்துக்கு வரும் நாளில் மலையகப் பிரதிநிதிகள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. ஹட்டன், நுவரெலியா, பதுளை, பண்டாரவளை நீதிமன்றங்களுக்கு 24ஆம் உறுப்புரையின் கீழ் பணிப்பு வழங்கும் அமைச்சரவைப் பத்திரம் எப்போது சமர்ப்பிக்கப்படும்? திகதி சொல்லும்வரை ஒவ்வொரு வருடமும் கேட்க வேண்டும்.